உதியன்குளங்கரையில் நிற்காத பஸ்

1. பெட்டி வந்தது

பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது நாற்றம். அதற்குப் பிறகுதான் ஹெல்மெட். பதினாறு ஹெல்மெட், பதினாறு தோள் கவசம், ஆறு பந்து. எங்கள் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் குடியேறிய ஒருவர், அங்கே ஏதோ ஒரு கல்லூரி கழித்துப் போட்டதை வாங்கிக் கப்பலில் அனுப்பியிருந்தார். யாரோ வெள்ளைக்காரப் பையன்களின் வியர்வை ஏழு கடல் தாண்டிக் கேரள எல்லையில் இருக்கும் எங்கள் பாறசாலை வரைக்கும் கொஞ்சமும் குறையாமல் வந்து சேர்ந்திருந்தது.

பிரின்சிபல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "டீச்சரே, இனி நமக்கும் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் உண்டு" என்றார்.

நான் அந்தக் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். பெயர் புஷ்பம். படிக்கிற காலத்தில் ஈட்டி எறிந்தவள். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் போன் செய்து, அனுபவத்தில் ஏதாவது சொல்லுங்கள் டீச்சர் என்று கேட்கிறார்கள். கோகோவில் கோப்பை வாங்கினோம், கபடியில் கோப்பை வாங்கினோம் என்று சொல்ல எல்லாரிடமும் கதை உண்டு. நான் தோற்றுத் தோற்று நடந்த ஒரு சீசனைச் சொல்கிறேன். எனக்குப் புத்தி வந்தது அதில்தான்.

பெட்டி வந்த அன்றே ஸ்டாஃப் கவுன்சில் கூடியது. பிரின்சிபல் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். இது ஆணுங்க ஆடுற களியாக்கும், டீச்சருக்கும் வயசாச்சு, பெங்களூரில் ஒரு கோச் இருக்கிறார், அவரைக் கொண்டு வரலாம், டீச்சர் ரிட்டையர் ஆகும் வரை எக்ஸாம் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எக்ஸாம் செக்‌ஷன் என்பது மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஹால் டிக்கெட்டில் ஃபோட்டோ ஒட்டுவதுதான் அங்கே வேலை. இருபத்தாறு வருடம் வெயிலில் நின்றவளைக் கொண்டுபோய் அந்தப் பொந்தில் வைக்கப் பார்க்கிறாரே என்று எனக்கு உச்சந்தலையில் ஏறியது. அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் எனக்குத் தெரியாது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது.

"இந்த சீசன்ல ஒரு மாட்ச், ஒரே ஒரு மாட்ச் ஜெயிச்சுக் காட்டுறேன். ஜெயிக்கல்லேண்ணா நானே எக்ஸாம் செக்‌ஷனுக்குப் போறேன். ஜெயிச்சா, ரிட்டையர் ஆவது வரைக்கும் கோச் நான்தான்."

பிரின்சிபல் சிரித்தார். சரி டீச்சரே, சம்மதம் என்றார். இதை மினிட்ஸ் புக்கில் எழுத வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கூட்டத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். கவுன்சில் செக்ரட்டரி எழுத, எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள், பிரின்சிபல் உட்பட. அந்தப் பக்கத்தை நகல் எடுத்து, நாலாக மடித்து, ஹேண்ட்பேக்கில் குடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். இத்தனை வருடமாகப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவளுக்கு யாருடைய வாய்ச்சொல்லிலும் நம்பிக்கை இருக்காது.

2. கரும்பலகையில் ஒரு ரோடு

ஆட்டம் இதுதான். பந்து கையில் இருக்கும் அணிக்கு நாலு வாய்ப்பு. அதற்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நாலு வாய்ப்பு. எதிராளியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச் டவுன், ஆறு பாயிண்ட். அதன் பிறகு பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் இன்னும் ஒன்று. எங்கள் பக்கத்தில் ஆள் கிடைக்காது என்பதால் அணிக்கு ஏழு பேர் ஆட்டம். மொத்தமே மூன்று கல்லூரி. திருவனந்தபுரத்து நகரக் கல்லூரி ஒன்று, காட்டாக்கடைப் பக்கத்துக் கல்லூரி ஒன்று, நாங்கள். ஒவ்வொருவரோடும் இரண்டு முறை. ஆக எனக்குக் கிடைத்தது நாலே மாட்ச்.

பந்து எறிவதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. ஈட்டி எறிந்த தோள் மறக்காது. முழங்கையை உயர்த்தி, இடுப்பைத் திருப்பி எறிந்தால் பந்து சுழன்றுகொண்டே நாற்பது யார்டு போய் விழுந்தது. பையன்கள் வாயைப் பிளந்தார்கள். அதே எறியை ஜெபினுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஜெபின்தான் கேப்டன், பந்தை எறிகிறவனும் அவன்தான். பக்கத்துச் சபை உபதேசியாரின் மகன். எறிந்த பந்தைப் பிடிக்க அனந்து. கோயில் திருவிழாவில் பட்டாசுக்குத் தீ வைத்துவிட்டு ஓடி ஓடிக் கால் பழகியவன்.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. பந்தைப் பிடிக்கிறவன் எப்படி ஓட வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு பெயர் உண்டு. ஸ்லாண்ட், போஸ்ட், ஹிட்ச் என்று கம்ப்யூட்டரில் பார்த்து எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் ஆகியும் ஒருவனுக்கும் தலையில் ஏறவில்லை. ஹிட்ச் என்றால் ஒருத்தன் இடது பக்கம் ஓடுவான், இன்னொருத்தன் தண்ணீர் குடிக்கப் போவான்.

ஒரு நாள் கோபத்தில் கரும்பலகையில் நீளமாக ஒரு ரோடு வரைந்தேன். எலே, நம்ம கோல் பாறசாலை, அவனுக்க கோல் நெய்யாற்றின்கரை என்றேன். பாறசாலையில் பஸ் ஏறி நேராகப் போய் உதியன்குளங்கரையில் நில், திரும்பிப் பார், பந்து வரும். குளத்தூர் என்றால் போகிற வழியில் இடது பக்கம் திரும்பு. காட்டாக்கடை என்றால் ரொம்ப தூரம் போய் வலது பக்கம். பத்து நிமிடத்தில் ஏழு பேருக்கும் மனப்பாடம். அன்று எனக்கு வந்த கர்வத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

3. ஜெபமும் ஐந்து யார்டும்

முதல் மாட்ச் நகரக் கல்லூரியோடு. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அணி வட்டமாகத் தலையோடு தலை சேர்த்து நின்று, என்ன ஆடப் போகிறோம் என்று குசுகுசுவென்று பேசிக்கொள்ள வேண்டும். இருபத்தைந்து வினாடிக்குள் பந்தை எடுத்துவிட வேண்டும். இதை நான் சொல்லிக்கொடுத்துத்தான் இருந்தேன்.

ஏழு பேர் தலை குனிந்து வட்டமாக நின்றால் எங்கள் பக்கத்துப் பையன்களுக்குத் தெரிந்த காரியம் ஒன்றுதான். ஜெபின் கண்ணை மூடினான். நல்ல வெயிலைத் தந்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னான். கிரவுண்டுக்காக, எதிரணிக்காக, ரெஃப்ரீயின் குடும்பத்துக்காக ஜெபித்தான். ரெஃப்ரீ விசில் ஊதினார். தாமதத்துக்கு ஐந்து யார்டு பின்னால் போ என்றார். அடுத்த வட்டத்தில் ஜெபின் அந்த ஐந்து யார்டைத் திரும்பத் தர வேண்டி இன்னும் நீளமாக ஜெபித்தான். மறுபடியும் ஐந்து யார்டு. அனந்துவும் மற்ற இந்துப் பையன்களும் மரியாதைக்காகக் கண்ணை மூடி அசையாமல் நின்றார்கள். முதல் கால்வாசி ஆட்டம் முடிவதற்குள், நாங்கள் எங்கள் சொந்தக் கோல் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.

தோல்வி எத்தனை பாயிண்டில் என்று சொல்ல மாட்டேன். இன்றும் நாணமாக இருக்கிறது.

மாட்ச் முடிந்ததும் ஜெபினைத் தனியே அழைத்து, ஆண்டவருக்கு இருபத்தைந்து செகண்டுக்குள்ள விஷயம் புரியாதா மக்கா என்று கேட்டேன். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஜெபம் இல்லாமல் பந்தைத் தொட மாட்டேன் என்றான். நானும் ஒரே மகன் உள்ள தாய். பையனின் விசுவாசத்தில் கை வைக்க மனசு வரவில்லை. கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். வட்டத்தில் இருபது செகண்டு ஜெபம், எல்லாரும் சேர்ந்து ஆமென். ஆட்டம் என்ன என்பதை அங்கே பேச நேரம் கிடையாது. கோட்டில் வந்து நின்ற பிறகு ஜெபின் ஊரின் பெயரை உரக்கக் கூவ வேண்டும்.

ஆகா, என்ன புத்திசாலித்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ரகசியத்தைக் கூவிச் சொல்கிற உலகத்தின் முதல் அணியை உண்டாக்கியிருக்கிறேன் என்று அப்போது உறைக்கவில்லை.

4. ஏழாம் நம்பர்

இரண்டாவது மாட்ச் காட்டாக்கடைப் பக்கத்தில், அவர்கள் கிரவுண்டில். ஜெபின் கோட்டில் நின்று "குளத்தூர்" என்று கூவினான். அவர்களுடைய ஏழாம் நம்பர் பையன், மெலிந்து உயர்ந்தவன், மலையாளத்தில் கூட்டாளிகளைப் பார்த்து, "எடா, இடத்தோட்டு திரியும்" என்றான். அனந்து இடது பக்கம் திரும்பியபோது அங்கே மூன்று பேர் அவனை வரவேற்கக் காத்திருந்தார்கள். உதியன்குளங்கரை என்று கூவினால், அனந்து போய் நிற்பதற்கு முன்பே ஏழாம் நம்பர் அங்கே போய் நிற்கிறான். காட்டாக்கடை என்று கூவியபோது அவர்களுடைய அணி முழுக்கக் கைதட்டியது. சொந்த ஊராயிற்றே.

மாட்ச் முடிந்ததும் அந்த ஏழாம் நம்பர் என்னிடம் வந்தான். நல்ல வளர்ப்பு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பணிவாக நின்றான்.

"டீச்சர் ஒண்ணும் நினைக்கப்பிடாது. எனக்க அம்மைக்க வீடு உதியன்குளங்கரையாக்கும். லீவு விட்டா அங்கதான் கிடக்கது. இந்த ரோடு எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. உலகத்தில் எவ்வளவோ ஊர் இருக்க, எதிராளியின் அம்மா வீட்டு வாசலைக் கொண்டுவந்து ஆட்டத்துக்குப் பெயராக வைத்திருக்கிறேன்.

மூன்றாவது மாட்ச் மறுபடி நகரக் கல்லூரியோடு, எங்கள் கிரவுண்டில். அந்தப் பையன்களுக்கு உதியன்குளங்கரையும் தெரியாது, ஒரு குளங்கரையும் தெரியாது. நன்றாக ஆடினோம். நடுவில் பெய்த மழையில் பந்து வழுக்கி மூன்று முறை கைநழுவி, ஒரு டச் டவுன் வித்தியாசத்தில் தோற்றோம். பிரின்சிபல் வராந்தாவில் நின்று பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் எக்ஸாம் செக்‌ஷனில் ஒரு மேஜையைத் துடைத்து, புதிய பசை டப்பா ஒன்றை வைத்திருப்பதாகப் பியூன் வந்து சொன்னார்.

பாக்கி ஒரே மாட்ச். அதுவும் காட்டாக்கடைக்காரர்களோடு. பெயர்களை மாற்றலாம் என்று பழங்களின் பெயர் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் பிராக்டீஸிலேயே வரிக்கைச்சக்கை எது, அயினிச்சக்கை எது என்று குழம்பி, இரண்டு பேர் மண்டையோடு மண்டை முட்டிக்கொண்டார்கள். ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தார்கள். பழையபடி ஊர்ப் பெயர்தான் என்று விட்டுவிட்டேன். ராத்திரி தூக்கத்தில் ஹால் டிக்கெட்டாக வந்தது.

5. ஃபாஸ்ட் பாஸஞ்சர்

என் வீடு உதியன்குளங்கரையில். தினமும் காலையில் ஜங்ஷனில் நின்று பாறசாலை பஸ் பிடிப்பேன். எட்டேகாலுக்கு ஒரு ஃபாஸ்ட் பாஸஞ்சர் வரும். உதியன்குளங்கரையில் அது நிற்க வேண்டும் என்று போர்டு இருக்கிறது. அந்த டிரைவருக்கு அப்படி ஒரு எண்ணமே கிடையாது. தூரத்திலேயே வேகத்தைக் குறைப்பார். ஓரமாக ஒதுக்குவார். நாங்கள் பையையும் குடையையும் எடுத்துக்கொண்டு முன்னால் ஓடுவோம். சரியாக அந்த நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்துப் போய்விடுவார். வருடக்கணக்காக இது நடக்கிறது. வருடக்கணக்காக நாங்களும் ஓடுகிறோம்.

கடைசி மாட்சுக்கு நாலு நாள் முன்னால், அன்றும் அப்படித்தான். வண்டி மெதுவானது, நான் ஓடினேன், டிரைவர் என் கண்ணைப் பார்த்தார், வண்டி போய்விட்டது. வழக்கமாக அந்த இடத்தில் நான் நல்ல வார்த்தையாக நாலு சொல்வேன். அன்று நடுரோட்டில் நின்றுகொண்டு சிரிக்க ஆரம்பித்தேன். ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர் இறங்கி வந்து, டீச்சருக்குச் சுகமில்லையா என்று கேட்டார். நல்ல சுகம்தான், சீக்கிரம் காலேஜுக்கு விடு என்று ஏறி உட்கார்ந்தேன்.

அனந்துவைக் கூப்பிட்டு, உதியன்குளங்கரை என்று கூவினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். பத்து யார்டு போய் நின்று திரும்புவேன் என்றான்.

"எலே, எந்தக் காலத்துல அங்க பஸ் நிண்ணிருக்கு? எட்டேகால் வண்டி மாதிரி போ. நிக்க மாதிரி காட்டு, திரும்பிக் கையையும் தூக்கு. ஆளு ஓடி வந்த உடனே விட்டுட்டுப் போ."

ஜெபினுக்கு ஒரு நொடியில் பிடிபட்டது. அவனும் அந்தப் பஸ்ஸின் பின்னால் ஓடியவன்தான். நாலு நாளும் வேறு எதையும் பயிற்சி செய்யவில்லை.

6. கடைசி மாட்ச்

எங்கள் கிரவுண்ட். ஊர்க்காரர்கள் பாதிப்பேர் வந்திருந்தார்கள். ஆட்டம் புரியாவிட்டாலும் ஆள் விழும்போது கைதட்டினார்கள். முதல் பாதியில் பந்தைக் கக்கத்தில் இடுக்கி, தள்ளுமுள்ளிலேயே ஒரு டச் டவுன் அடித்தோம். ஆறு. அதன் பிறகு எங்கள் பையன் உதைத்த உதையில் பந்து கம்பங்களுக்கு ஒரு பர்லாங்கு தள்ளி அயினி மரத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டாம் பாதியில் அவர்கள் ஒரு டச் டவுனும் அடித்தார்கள், உதையும் சரியாக உதைத்தார்கள். ஏழு.

நடுவில் மூன்று முறை உதியன்குளங்கரை என்று கூவச் சொன்னேன். பேசி வைத்தபடி மூன்று முறையும் அனந்து ஒழுங்காகப் போய் நின்றான். நாலாவது முறைதான் எட்டேகால் வண்டி. மூன்று முறையும் ஏழாம் நம்பர் ஓடி வந்து பந்தைத் தட்டிவிட்டான். ஊர்க்காரர்கள் என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் என் காதுபடவே, இவங்களை ஆஃபீஸ்ல போடப் போறது நியாயம்தான் என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசி ஒரு நிமிடம். பந்து எங்கள் கையில், கோட்டுக்கு நாற்பது யார்டு, நாலாவது வாய்ப்பு. வட்டத்தில் பையன்கள் தலை குனிந்தார்கள். அன்று நானும் வெளியே நின்று கண்ணை மூடினேன். ஆமென் என்று உள்ளே ஏழு பேர் சொன்னதோடு நானும் சொன்னேன்.

ஜெபின் கோட்டில் நின்று தொண்டை கிழியக் கூவினான்: "உதியன்குளங்கரை!"

அனந்து ஓடினான். பத்து யார்டில் வேகத்தைக் குறைத்தான், நின்றான், திரும்பிக் கையைத் தூக்கினான். ஜெபினும் எறிவதுபோலக் கையை ஓங்கினான். ஏழாம் நம்பர் பாய்ந்து வந்தான். எட்டேகால் வண்டிக்கு நான் எப்படி ஓடுவேனோ, அப்படியே ஓடி வந்தான், பாவம். அவன் பக்கத்தில் வந்ததும் அனந்து புறப்பட்டுவிட்டான். முன்னால் ஒரு ஆள் கிடையாது. ஜெபினின் முழங்கை உயர்ந்தது, இடுப்பு திரும்பியது, நான் கற்றுக்கொடுத்த அந்த எறி. பந்து சுழன்று போய் அனந்துவின் கையில் இறங்கியது. அவன் கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. வேலி வரைக்கும் ஓடினான்.

பன்னிரண்டுக்கு ஏழு. மிச்ச நேரத்தில் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஏழாம் நம்பர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தான். "அந்த எட்டேகால் வண்டிதானே டீச்சரே" என்றான். ஆமாம் மக்கா என்றேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமே படாமல் அழுதேன்.

7. பிரின்சிபலின் பஸ்

அழுகை காய்வதற்குள் பிரின்சிபல் வந்தார். கூடவே ட்ராக் சூட் போட்ட ஒரு இளைஞர், தோளில் லாப்டாப் பை.

"வாழ்த்துக்கள் டீச்சரே. இது விஷால், பெங்களூர் கோச். திங்கள்கிழமை சார்ஜ் எடுக்கார். ஆர்டர் பெட்டி வரதுக்கு முன்னாடியே போட்டாச்சு, இனி மாத்த ஒக்காது."

பெட்டி வரும் முன்பே. அதாவது ஸ்டாஃப் கவுன்சிலில் சம்மதம் என்று அவர் சிரித்தபோதே கடிதம் போயாகிவிட்டது. நாலு மாதமாக நிற்கிற மாதிரி காட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நான் பையும் குடையுமாக ஓடியிருக்கிறேன். அந்தப் பஸ் டிரைவர் எங்கள் பிரின்சிபலிடம் வந்து பாடம் படிக்க வேண்டும். ஜெயித்த சந்தோஷம் ஒரு நிமிடம் முழுக்க வடிந்தே போய்விட்டது.

பிறகுதான் ஹேண்ட்பேக் ஞாபகம் வந்தது. குடையை வெளியே எடுத்தேன். அதற்கடியில் இருந்த காகிதத்தை எடுத்து விரித்து அவர் கையில் கொடுத்தேன். ஊர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிரின்சிபல் தன் கையெழுத்தையே முதல் முறை பார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில், அப்போ விஷால் அசிஸ்டன்ட் ஆக இருக்கட்டும் என்று முனகிவிட்டுப் போனார்.

இளைய பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் இவ்வளவுதான். உங்களிடம் இனிமையாகச் சிரித்துச் சம்மதம் சொல்கிறவர் யாராக இருந்தாலும், அன்றே மினிட்ஸில் எழுதி நகல் வாங்கிவிடுங்கள். வேலையில் திறமை வேண்டும், உண்மைதான். அந்த நகல் அதைவிட அவசரம்.

விஷால் நல்ல பையன். திங்கள்கிழமை வந்து, ஆட்டங்களை எழுதி வைத்த புத்தகம் எங்கே டீச்சர் என்று கேட்டார். புத்தகம் கிடையாது, நாளைக் காலையில் உதியன்குளங்கரை ஜங்ஷனில் நின்று எட்டேகால் ஃபாஸ்ட் பாஸஞ்சரில் ஏறி வாருங்கள் என்றேன். மறுநாள் அவர் ஒன்பதரைக்கு வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தார். பையன்கள் வரிசையாக நின்று கைதட்டினார்கள்.

"டீச்சர், வண்டி ஸ்லோ ஆச்சு. நான் ஓடினேன். டிரைவர் என்னைப் பார்த்தார்…" என்று மூச்சு வாங்கினார்.

அன்றே அவர் கையில் என் விசிலைக் கொடுத்தேன். ஊதுவதற்கு மட்டும் இன்னும் ஒரு மாதம் காக்க வைத்தேன்.